மோன்த்ரோ ஜாஸ் விழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிட்சர்லாந்தில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் இந்த விழாவைப் பலரும் ஏதோ ஒரு ராக் பாட்டின் மூலமாகவோ, பழைய இசைத்தட்டின் அட்டையில் கண்ட பெயர் மூலமாகவோதான் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் கேள்விகளும் குறுக்கும் நெடுக்குமாக வருகின்றன. பதில்களை இயன்றவரை கால வரிசையில் தந்திருக்கிறேன்.

மோன்த்ரோ எங்கே இருக்கிறது? அந்த ஊருக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம்?

1967-க்கு முன்பு சொல்லிக்கொள்ளும்படியாக ஒன்றுமில்லை. ஜெனீவா ஏரியின் கிழக்குக் கோடியில், வோ மாநிலத்தில், பிரெஞ்சு பேசும் சிறிய ஊர் அது. பின்னால் மலை, முன்னால் ஏரி, சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் கால் நனைத்து நிற்கும் ஷியோன் கோட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் பிரபுக்களும் பணக்காரர்களும் உடம்பு தேற்றிக்கொள்ள வந்து தங்கிய இடம். அவர்களுக்காகக் கட்டிய பெரிய ஹோட்டல்கள் கரை நெடுகிலும் இன்றும் இருக்கின்றன. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு அந்த மாதிரி விருந்தாளிகள் குறைந்துவிட்டார்கள். ஹோட்டல் அறைகளை நிரப்ப ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நிலைமை. ஜாஸ் விழா பிறந்தது இந்தக் கவலையில்தான். கலைத் தாகம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

தொடங்கியவர்கள் யார்?

மூன்று பேர்: க்ளோட் நோப்ஸ், ஜெயோ வூமார், ரெனே லாங்கெல். வூமார் பியானோ கலைஞர், வானொலிக்காரர். 1956-இல் நடந்த முதல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்ற பாட்டுக்கு இசையமைத்தவர் அவர்தான். லாங்கெல் பத்திரிகையாளர். நோப்ஸ் உள்ளூர்ப் பையன். 1936-இல் மோன்த்ரோவை ஒட்டிய தெரித்தே பகுதியில் பிறந்து, சமையல் தொழிலில் முறையாகப் பயிற்சி பெற்று, பிறகு ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்.

மற்ற இருவரின் பங்கும் பெரியது. ஆனாலும் விழாவின் முகமாக நாற்பத்தைந்து ஆண்டுகள் நின்றவர் நோப்ஸ். விழா தொடங்குவதற்கு முன்பே, 1964-இல், ஆங்கில ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸை மோன்த்ரோவுக்கு வரவழைத்ததில் அவருக்குப் பங்குண்டு. அப்போது அந்த ஊரில் பாதிப் பேருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. பிறகு வேலை நிமித்தமாக நியூயார்க் போனவர், முன்கூட்டிச் சொல்லாமல் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் நுழைந்து நெசுஹி எர்டெகுனைப் பார்த்துவிட்டார். துருக்கித் தூதரின் மகன்களான நெசுஹியும் அவர் தம்பி அஹ்மெத்தும் அந்த நிறுவனத்தின் தூண்கள். ரே சார்ல்ஸ், ஜான் கோல்ட்ரேன் போன்றோரின் இசைத்தட்டுகளை வெளியிட்டவர்கள். அன்று ஏற்பட்ட பழக்கம்தான் அமெரிக்கக் கலைஞர்களுக்கும் இந்த ஏரிக்கரைக்கும் பாலம் போட்டது.

முதல் விழா எப்படி நடந்தது?

1967 ஜூன் 16 முதல் 18 வரை, மூன்றே நாட்கள், ஊர் காஸினோ கட்டடத்தில். பட்ஜெட் 10,000 சுவிஸ் பிராங்க். நட்சத்திரம் என்று சொல்ல அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லஸ் லாயிடின் நால்வர் குழு வந்தது. அதில் பியானோ வாசித்த இளைஞர் கீத் ஜாரெட், டிரம்ஸ் ஜாக் டிஜானெட். இருவரும் பின்னாளில் எவ்வளவு பெரிய ஆட்களானார்கள் என்பது ஜாஸ் கேட்பவர்களுக்குத் தெரியும்.

தொடக்க ஆண்டுகளில் விழாவின் பெரும்பகுதி ஐரோப்பியக் குழுக்களுக்கு இடையிலான போட்டியாகவே இருந்தது. 1968-இல் இங்கிலாந்தின் சாக்ஸபோன் கலைஞர் ஜான் சர்மன், 1971-இல் போலந்தின் வயலின் கலைஞர் மீகாவ் உர்பானியாக் ஆகியோர் சிறந்த தனிக் கலைஞர் பரிசு வாங்கியது இங்கேதான். அமெரிக்கர்கள் வந்து வாசித்துவிட்டுப் போவதை உட்கார்ந்து கேட்கும் விழாவாக அது தொடங்கவில்லை என்பதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள்.

இதுதான் உலகின் முதல் ஜாஸ் விழாவா?

இல்லை. பிரான்சின் நீஸ் நகரில் 1948-இலேயே சர்வதேச ஜாஸ் விழா நடந்திருக்கிறது. அமெரிக்காவில் நியூபோர்ட் 1954, மான்டரே 1958. பிரெஞ்சுக் கடற்கரையில் ஆன்டீப் விழா 1960. மோன்த்ரோ பந்திக்குப் பிந்தியது.

பிந்தி வந்தும் மற்றவற்றைவிடப் புகழ் பெற்றது எப்படி?

பதிவு செய்ததால். என் கணிப்பில் இந்த விழாவின் சரித்திரத்தையே இந்த ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். மற்ற விழாக்கள் இசையை நடத்தின. மோன்த்ரோ அதை நடத்தியதோடு நாடாவிலும் ஏற்றி வைத்தது. அந்த நாடாக்கள் இசைத்தட்டுகளாக உலகம் சுற்றின. விழாவுக்கு வராதவர்களும் ஊர்ப் பெயரைத் தெரிந்துகொண்டார்கள்.

முதல் உதாரணம் 1968. அமெரிக்கப் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் தன் மூவர் குழுவோடு வந்தார். பாஸ் எடி கோமெஸ், டிரம்ஸ் முந்தைய ஆண்டு லாயிடுடன் வந்த அதே டிஜானெட். ஜூன் 15 அன்று வாசித்தது இசைத்தட்டாக வெளிவந்து கிராமி விருது பெற்றது. அட்டையில் எவன்ஸின் முகம் இல்லை, ஷியோன் கோட்டைதான் இருந்தது. சுற்றுலா அலுவலகத்துக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடைத்திருக்குமா?

இரண்டாவது உதாரணம் அதைவிடச் சுவையானது. 1969-இல் பியானோ கலைஞர் லெஸ் மக்கேனும் சாக்ஸபோன் கலைஞர் எடி ஹாரிஸும் தனித்தனியாக வாசிக்க வந்திருந்தார்கள். இருவரும் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஆட்கள். சேர்ந்து ஒரு கச்சேரி செய்தால் என்ன என்று யாருக்கோ தோன்ற, ஐரோப்பாவில் குடியேறியிருந்த அமெரிக்க டிரம்பெட் கலைஞர் பென்னி பெய்லியையும் இழுத்துக்கொண்டார்கள். ஒத்திகை கிடையாது. மக்கேனின் உருப்படிகள் ஹாரிஸுக்கும் பெய்லிக்கும் சரியாகத் தெரியாது. அந்தப் பதிவில் ‘கம்பேர்ட் டு வாட்’ என்ற பாட்டைக் கேட்டால் புரியும்: முதலில் பியானோவும் பாஸும் டிரம்ஸும் நெடுநேரம் ஒரே தாளக்கட்டைக் கிளறிக் கிளறிச் சூடேற்றுகின்றன. பிறகு மக்கேன் வியட்நாம் போரைச் சாடும் வரிகளைக் கரகரத்த குரலில் வீசுகிறார். இடைவெளி பார்த்து ஹாரிஸ் நுழைகிறார், பின்னாலேயே பெய்லி. யாரும் யாரையும் இடிக்கவில்லை. நம் மேடைகளில் பல்லவிக்குப் பிறகு கற்பனை ஸ்வரத்தில் பாடகரும் வயலின்காரரும் ஒருவரை ஒருவர் கண்ணாலேயே அளந்துகொண்டு போவார்களே, அந்த விழிப்புதான் அது. ‘ஸ்விஸ் மூவ்மென்ட்’ என்ற பெயரில் வந்த அந்த இசைத்தட்டு விற்பனையில் சக்கைப்போடு போட்டது.

ஜாஸ் விழா நடக்கும்போதுதான் காஸினோ எரிந்ததா?

இல்லை. இது மிகவும் பரவிவிட்ட தவறு. தீ விபத்து நடந்தது 1971 டிசம்பர் 4. விழா கோடையில் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவும் அவருடைய ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவும் நடத்திய தனிக் கச்சேரி அது. கூட்டத்தில் ஒருவர் தீச்சுடர்த் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். கூரை பற்றிக்கொண்டது. ஸப்பா மேடையிலிருந்தே கூட்டத்தை நிதானமாக வெளியேறச் சொன்னார். நோப்ஸ் உள்ளே புகுந்து இளைஞர்களை வெளியே இழுத்து வந்தார். உயிர்ச்சேதம் இல்லை. குழுவின் கருவிகள் எல்லாம் சாம்பல். 1881-இல் கட்டிய கட்டடமும் போயிற்று.

அதே காஸினோவில் மறுநாள் முதல் இசைத்தட்டுப் பதிவு செய்ய வந்து காத்திருந்தது ஆங்கில ராக் குழுவான டீப் பர்ப்பிள். ரோலிங் ஸ்டோன்ஸிடம் வாடகைக்கு எடுத்த நடமாடும் பதிவு வண்டி வெளியே நின்றது. ஏரியின் மேல் புகை படர்ந்ததை அவர்கள் ஹோட்டலிலிருந்து பார்த்தார்கள். ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டு அங்கிருந்து வந்ததுதான். அதில் வரும் ‘ஃபங்கி க்ளோட்’ நோப்ஸே. காஸினோ இல்லாமல் போனதும் முதலில் ஊரிலிருந்த பவிலியன் அரங்கில் வாசிக்கப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். கடைசியில், குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதைகளில் மெத்தைகளை நிறுத்திச் சத்தத்தை அடக்கி, வேலையை முடித்தார்கள். கிடார் கற்றுக்கொள்ளும் எந்தப் பையனும் முதல் வாரத்தில் தட்டித் தடவிப் பார்க்கும் மெட்டு அது. ஒரு ஜாஸ் விழா ஊரை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஜாஸே அல்லாத பாட்டு என்பது வேடிக்கைதான்.

காஸினோ போன பிறகு விழா நின்றதா?

நிற்கவில்லை. ஊரில் வேறு அரங்குகளில் நடந்தது. புதிய காஸினோ 1975-இல் திறந்ததும் அங்கே திரும்பியது. புதிய கட்டடத்திலேயே ஒலிப்பதிவுக் கூடமும் அமைந்ததால் கச்சேரியை அங்கிருந்தே சுத்தமாகப் பதிவு செய்ய முடிந்தது. அமெரிக்கத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் தன் பாப்லோ இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1975-இலும் 1977-இலும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், கவுன்ட் பேசி, ஆஸ்கர் பீட்டர்சன் ஆகியோரை இங்கே வரிசையாகப் பதிவு செய்தார். பழைய தலைமுறைப் பெரியவர்களைத் தேர்ந்த ஒலித்தரத்தில் நேரடி மேடையில் கேட்க வேண்டுமென்றால் அந்தத் தட்டுகளைத் தேடிப் பிடிக்கலாம்.

நீனா சிமோனின் 1976 கச்சேரியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

அது கச்சேரி என்ற எல்லையைத் தாண்டியதால். அமெரிக்கப் பாடகியும் பியானோ கலைஞருமான சிமோன் 1968-இல் இங்கே வந்து பாடிப் புகழ் வாங்கியவர். அதற்குப் பிறகு அமெரிக்காவின் நிறவெறியும் இசைத் தொழிலின் சுரண்டலும் வெறுத்துப்போய் நாட்டைவிட்டே வெளியேறி, லைபீரியாவில் வாழ்ந்தார். 1976 ஜூலையில் மீண்டும் மோன்த்ரோ மேடை ஏறினார்.

ஒளிப்பதிவு இருக்கிறது, பாருங்கள். கருப்பு உடையில் வந்து, பியானோவைப் பிடித்துக்கொண்டு ஆழக் குனிந்து வணங்குகிறார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்க்கிறார். எதுவும் பேசவில்லை. அந்தப் பார்வை நீண்டுகொண்டே போகிறது. கைதட்டல் தானாக அடங்குகிறது. பிறகு உட்கார்ந்து, 1968-க்குப் பிறகு உங்களைப் பார்க்கவில்லை, இனி ஜாஸ் விழாக்களில் பாடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அந்த முடிவு மாறவில்லை என்ற பொருளில் பேசுகிறார். ஒரு பாட்டின் நடுவே இருக்கையை விட்டு எழுந்த ஒருவரை விரல் நீட்டி உட்காரச் சொல்கிறார். ஒரு முறை சொல்லிக் கேட்கவில்லை என்றதும் மறுபடியும். பாடுவதிலும் பாதி இடங்களில் சொற்களை விட்டு விலகிப் போய்த் தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். இதை ‘மோசமான நாள்’ என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடை நாகரிகம் என்று நாம் எதிர்பார்க்கும் பூச்சு எதுவும் இல்லாமல் ஒரு பெரிய கலைஞர் இருப்பதை இருந்தபடி காட்டிய வேறு பதிவு எளிதில் கிடைக்காது.

தமிழர் யாராவது அங்கே வாசித்திருக்கிறார்களா?

ஆம். அதே 1976-இல் ஆங்கிலேயக் கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் ‘சக்தி’ குழு வந்தது. வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன். சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணன் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் சங்கரின் அண்ணன்மார்.

மெக்லாக்லின் அதற்குமுன் இதே விழாவில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவுடன் காது பிளக்கும் மின்கிடார் வாசித்தவர். ‘சக்தி’யில் அதையெல்லாம் வைத்துவிட்டு மரக் கிடாரோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அது சாதாரணக் கிடார் இல்லை. விரல் வைக்கும் பலகையில் மெட்டுகளுக்கு இடையே குழித்துச் செதுக்கியிருந்தார்கள். அதனால் வீணையில் செய்வதுபோல் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் கொண்டுவர முடிந்தது. குறுக்கே அதிர்வுத் தந்திகளும் உண்டு. ஜாஸ் கேட்க வந்த ஐரோப்பியக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மண்பானை தனி ஆவர்த்தனம் வாசித்ததை நினைத்துப் பார்த்தால் இப்போதும் சிரிப்பும் பெருமிதமும் சேர்ந்து வருகிறது. மெக்லாக்லினின் மோன்த்ரோ கச்சேரிகளைத் தொகுத்து வந்த பெரிய பெட்டித் தொகுப்பில் இதைக் கேட்கலாம்.

பெயர் ஜாஸ் விழா. ஆனால் ராக், ரெகே, ராப் எல்லாம் ஏன்?

இந்தக் கேள்வி ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. கலப்பு நேற்று வந்ததல்ல. 1970-இலேயே சன்டானா வந்தார். 1972-இல் மடி வாட்டர்ஸும் சக் பெரியும். 1978-இல் ஜில்பெர்ட்டோ ஜில்லோடு பிரேசில் இரவுகள் தொடங்கின. 1980-இல் மார்வின் கே வந்தார்.

காரணம் இரண்டு. நோப்ஸின் ரசனைக்கு வேலி இல்லை என்பது ஒன்று. மேடையில் யார் பாடினாலும் சட்டைப் பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்துக்கொண்டு தானும் ஏறிவிடக்கூடிய மனிதர் அவர். மற்றொன்று கணக்கு. ராக் இரவு டிக்கெட்டில் வரும் பணம்தான் கூட்டம் குறைந்த ஜாஸ் இரவுகளைத் தாங்கியது. இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1973 முதல் வார்னர் குழும இசைத்தட்டு நிறுவனங்களின் சுவிஸ் கிளைக்கும் நோப்ஸே தலைவர். விழாவுக்கு ஆள் பிடிப்பவரும் தட்டு விற்பவரும் ஒருவராகவே இருந்தது இன்று என்றால் கேள்விக்குள்ளாகியிருக்கும்.

ஜாஸ் சுத்தவாதிகளின் புகாரில் உண்மை இல்லாமலில்லை. பெரிய அரங்கின் பெயர்ப் பலகையில் ஜாஸ் கலைஞர் பெயர் வருவது இப்போது குறைவு. சிறிய அரங்குகளில் நல்ல ஜாஸ் நடக்கிறது. தேடிப் போக வேண்டும்.

ஸ்டீவி ரே வானைக் கூச்சலிட்டு விரட்டினார்களாமே?

விரட்டவில்லை, கூச்சலிட்டார்கள். 1982-இல் டெக்ஸாஸிலிருந்து வந்த ப்ளூஸ் கிடார் கலைஞர் வானின் குழுவுக்கு அப்போது இசைத்தட்டு ஒப்பந்தம்கூட இல்லை. தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் சொன்னதால் நோப்ஸ் அழைத்திருந்தார். மென்மையான ப்ளூஸ் கேட்கும் மனநிலையில் இருந்த கூட்டத்துக்கு அந்தச் சத்தம் ஒத்துவரவில்லை. பதிவில் எதிர்ப்புக் குரல் தெளிவாகவே கேட்கிறது. வான் நொந்துபோனார்.

ஆனால் கூட்டத்தில் ஆங்கில ராக் பாடகர் டேவிட் போவி இருந்தார். அவர் தன் அடுத்த இசைத்தட்டான ‘லெட்ஸ் டான்ஸ்’ஸில் கிடார் வாசிக்க வானை அழைத்தார். அமெரிக்கப் பாடகர் ஜாக்சன் பிரவுன் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தன் பதிவுக்கூடத்தை இலவசமாகத் தந்தார். வானின் முதல் இசைத்தட்டு ‘டெக்ஸாஸ் ஃப்ளட்’ அங்கே உருவானது. மூன்றாண்டு கழித்து 1985-இல் அதே ஊருக்குத் திரும்பினார். இந்த முறை வரவேற்பு வேறு. இரண்டு கச்சேரிகளையும் ஒரே தொகுப்பாக வெளியிட்டிருக்கிறார்கள், கூச்சலையும் நீக்காமல்.

மைல்ஸ் டேவிஸின் கடைசி மோன்த்ரோ கச்சேரியில் அப்படி என்ன விசேஷம்?

அமெரிக்க டிரம்பெட் கலைஞரான மைல்ஸ் 1973-இல் முதலில் வந்தார். 1984-க்குப் பிறகு ஏறக்குறைய ஆண்டுதோறும் வந்தார். அத்தனை கச்சேரிகளையும் சேர்த்து வந்த தொகுப்பு இருபது குறுந்தட்டுகள். பழையதைத் திரும்ப வாசிப்பதில்லை என்பது அவர் வாழ்நாள் பிடிவாதம். ஐம்பதுகளில் இசை ஒழுங்கமைப்பாளர் கில் எவன்ஸுடன் சேர்ந்து செய்த பெரிய வாத்தியக் குழு இசை உலகப் புகழ் பெற்றது. அதை மேடையில் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்த பதில் ‘முடியாது’. கில் எவன்ஸ் 1988-இல் இறந்தும் போனார்.

1991-இல் விழாவின் இணைத் தயாரிப்பாளராக இருந்த குவின்ஸி ஜோன்ஸ் எப்படியோ சம்மதிக்க வைத்தார். ஜூலை 8 அன்று இரண்டு பெரிய குழுக்கள் சேர்ந்து மேடையை நிறைத்தன, குவின்ஸி நடத்தினார். மைல்ஸின் உடல் நலம் குன்றியிருந்தது. ஒத்திகையில் அவருக்குப் பதிலாக வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் வாலஸ் ரோனியைக் கச்சேரியிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கடினமான வேகப் பகுதிகளை ரோனியும், சாக்ஸபோனில் கென்னி காரெட்டும் தாங்கிப் பிடிக்க, மெதுவான வரிகளில் மைல்ஸ் தன் ஒலியை வைத்தார். இடையிடையே சுரம் பிசகுகிறது. அதைச் சுட்டிக்காட்டும் விமர்சகர்கள் சொல்வது தவறில்லை. நான் அந்த இடங்களுக்காகவே அதைக் கேட்கிறேன். செப்டம்பர் 28 அன்று மைல்ஸ் காலமானார்.

குயீன் குழு இந்த விழாவில் பாடியதா?

இல்லை. அந்த ஆங்கில ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி ஏரிக்கரையில் கையை உயர்த்தி நிற்கும் சிலையைப் பார்த்துவிட்டுப் பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். காஸினோவில் இருந்த மவுன்டன் ஸ்டூடியோஸ் பதிவுக்கூடத்தைக் குயீன் 1979-இல் வாங்கியது, மெர்குரி அந்த ஊரை நேசித்தார். தொடர்பு அவ்வளவுதான். சிலை வைத்தது 1996-இல்.

பழைய பதிவுகள் எல்லாம் எங்கே இருக்கின்றன?

மோன்த்ரோவுக்கு மேலே மலையில் கோ என்ற இடத்தில் நோப்ஸின் மரவீடு. விருந்தாளிகளுக்கு அவரே சமைத்துப் போடுவார். பழைய ஜூக்பாக்ஸ்களும் பொம்மை ரயில்களும் நிறைந்த அந்த வீட்டில்தான் ஒலி, ஒளி நாடாக்களையும் அடுக்கிப் பாதுகாத்தார். கிடைக்கும் கருவிகளில் மிகச் சிறந்ததையே பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மற்றவர்களுக்கு அதன் பெயரே தெரியாத காலத்தில், 1991-இலேயே, உயர்தெளிவுக் காணொளியில் படம்பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

நாடா அழியக்கூடியது. பழைய நாடாவை ஓட்டும் கருவிகளும் ஒவ்வொன்றாக மறைகின்றன. எனவே லோசான் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 5,000 மணி நேரத்துக்கும் மேலான பதிவுகளை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றினார்கள். 2013-இல் யுனெஸ்கோ இந்தத் தொகுப்பை ‘உலக நினைவகம்’ பட்டியலில் சேர்த்தது. முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படவில்லை; கலைஞர்களின் உரிமைச் சிக்கல் ஒவ்வொரு கச்சேரிக்கும் தனித்தனி.

சுவரொட்டிகளைச் சேகரிக்கிறார்களே, ஏன்?

வரைந்தவர்கள் உலகப் புகழ் பெற்ற ஓவியர்கள், சிற்பிகள். 1982-இல் ழான் தாங்கெலி, 1983-இல் கீத் ஹாரிங், 1984-இல் நிக்கி த சான் ஃபால், 1986-இல் ஹாரிங்கும் ஆண்டி வார்ஹோலும் சேர்ந்து. 1995-இல் வரைந்தவர் பாடகர் டேவிட் போவியே.

நோப்ஸுக்குப் பிறகு விழா என்ன ஆனது?

2012 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பனிச்சறுக்கில் விழுந்து நினைவிழந்த நோப்ஸ், 2013 ஜனவரி 10 அன்று இறந்தார். அவரிடமே வேலை பழகிய மத்தியூ ஜாத்தோன் பொறுப்பேற்றார். ஒரு மனிதரின் நட்பு வட்டத்தை நம்பி நடந்த விழா அவரோடு போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கோடையிலேயே பிரின்ஸ் வந்து வாசித்தார்.

1993 முதல் முக்கியக் கச்சேரிகள் ஏரிக்கரை மாநாட்டு மையத்தில், ஸ்ட்ராவின்ஸ்கி பெயர் தாங்கிய அரங்கில் நடந்துவந்தன. 2020-இல் கொரோனாவால் விழா வரலாற்றில் முதல் முறையாக ரத்தானது. அடுத்த ஆண்டு சிறிய அளவில், ஏரித் தண்ணீரின் மேலேயே மேடை கட்டி நடத்தினார்கள். அந்த அனுபவம் வீண்போகவில்லை. மாநாட்டு மையம் புதுப்பிப்புக்காக மூடப்பட்டபோது, 2024-இலும் 2025-இலும் கரையோரத் திறந்தவெளி மேடையும் காஸினோவுமே விழாவைத் தாங்கின.

டிக்கெட் வாங்க வசதியில்லை. சும்மா போய்ச் சுற்றிப் பார்க்கலாமா?

தாராளமாக. பெரிய அரங்கு டிக்கெட்டுகள் சுவிஸ் விலைதான், மலைக்க வைக்கும். ஆனால் கரையோரம் இரண்டு வாரமும் இலவச மேடைகள் உண்டு. சுமார் இரண்டரை லட்சம் பேர் வருவதாகச் சொல்லும் கணக்கில் பெரும்பகுதி இப்படி வருபவர்களே. தங்குவதற்கு மட்டும் மோன்த்ரோவில் தேடாதீர்கள். வெவே, லோசான் போன்ற பக்கத்து ஊர்களிலிருந்து ரயிலில் வந்து போகலாம்.

போக முடியாது. வீட்டிலிருந்து எதில் தொடங்குவது?

ஜாஸ் புதிது என்றால் மக்கேனும் ஹாரிஸும். தாளம் உங்களைப் பிடித்து உட்கார வைத்துவிடும். அமைதியாகக் கேட்க விரும்பினால் பில் எவன்ஸ் 1968. கர்நாடக இசைக் காது உள்ளவர்கள் ‘சக்தி’ 1976-க்கே நேராகப் போகலாம். நீனா சிமோனைக் கேட்பதோடு நிறுத்தாமல் காணொளியாகப் பாருங்கள். மைல்ஸ் 1991-ஐ மட்டும் முதலில் எடுக்க வேண்டாம்: ஐம்பதுகளில் அவரும் கில் எவன்ஸும் செய்த ‘மைல்ஸ் அஹெட்’, ‘போர்கி அண்ட் பெஸ்’ இரண்டையும் கேட்டுவிட்டு அதற்கு வாருங்கள்.